குரூப் ஏன் சிதறுகிறது: பெஞ்ச்ரெஸ்ட் ஸ்டாக்கில் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

டெக்சாஸில் இருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் போன் செய்தான். "அண்ணா, 100 கெஜத்துல குரூப் ஒரு அங்குலத்துக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. எந்த ஸ்டாக் வாங்கட்டும்?" (குரூப் என்றால் ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் தாளில் போடும் துளைக் கூட்டம்; ஸ்டாக் என்றால் துப்பாக்கியின் கட்டை.) நான் திருப்பிக் கேட்டேன்: "இப்ப இருக்கிற ஸ்டாக் என்ன பண்ணுது? குண்டு பக்கவாட்டுல போகுதா, மேல கீழ போகுதா, ரெண்டு இடமாப் பிரியுதா?" அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. இலக்குத் தாள்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டானாம்.

முதல் வேலை அந்தத் தாள்களைப் பத்திரமாக வைப்பதுதான். நோய் தெரியாமல் மருந்து வாங்கினால் காசுதான் கரையும். நல்ல கண்ணாடியிழை ஸ்டாக் ஒன்று, அதைப் பொருத்தும் கூலியோடு சேர்த்தால், ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்து, அது எதைக் காட்டுகிறது, எப்படிச் சோதிப்பது, எது கையிலேயே சரியாகும், எதற்குப் புது ஸ்டாக்தான் வழி என்று எழுதுகிறேன்.

பெஞ்ச்ரெஸ்ட் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. மேசையில் உட்கார்ந்து, துப்பாக்கியின் முன்பக்கத்தை ஒரு தாங்கியின் மேல் இருக்கும் மணல்பையிலும் பின்பக்கத்தை இன்னொரு மணல்பையிலும் வைத்து, ஐந்து குண்டுகளை ஒரே துளைக்குள் போட முயலும் விளையாட்டு இது. அமெரிக்காவில் இதற்கான தேசிய சங்கம் 1951இல் தொடங்கியது. ஐந்து குரூப்களின் சராசரியில்தான் வெற்றி தோல்வி. 1973இல் மேக் மெக்மில்லன் 100 கெஜத்தில் ஐந்து குண்டுகளை 0.009 அங்குல அகலத்துக்குள் போட்டார். அதை முறியடிக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்த அளவுக்குள் விளையாடும்போது ஸ்டாக்கில் ஒரு முடி அளவுப் பிசகும் தாளில் தெரிந்துவிடும்.

சொற்களையும் பார்த்துக்கொள்வோம். குழலும் ஆக்‌ஷனும் உட்கார்ந்திருக்கும் உடம்புதான் ஸ்டாக். குழலின் பின்னால், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் உலோகப் பகுதிதான் ஆக்‌ஷன். முன் மணல்பையில் படுத்திருக்கும் பகுதியை முன்கட்டை என்றும், தோள் பக்கம் வரும் பகுதியைப் பின்கட்டை என்றும் சொல்கிறேன். பின்கட்டையின் அடிப்பாகம் பின் மணல்பையின் இரண்டு காதுகளுக்கு நடுவே உட்காரும். வேட்டைத் துப்பாக்கியின் ஸ்டாக்கைத் தோளுக்கும் கைக்கும் ஏற்றபடி செய்வார்கள். பெஞ்ச்ரெஸ்ட் ஸ்டாக் அந்த இரண்டு மணல்பைகளுக்காகச் செய்தது. சுட்டதும் பின்னால் போகவேண்டும்; முன்னால் தள்ளினால் அதே தடத்தில் அதே இடத்துக்கு வரவேண்டும். நான் ஒரு ஸ்டாக்கைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது இதைத்தான். அழகு, நிறம், விலை எல்லாம் அப்புறம்.

ஸ்டாக்கைத் தொடும் முன்

துப்பாக்கி காலியா என்று பாருங்கள். போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளையை, கழற்றி மேசையில் வையுங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் குண்டு தேவைப்படும் இடம் மிகக் குறைவு; மற்றதெல்லாம் போல்ட் இல்லாமல் செய்ய வேண்டியவை.

ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) வளையத் திருகுகளைச் சரிபாருங்கள். நன்றாகச் சுடும் என்று தெரிந்த இன்னொரு ஸ்கோப்பை இரவல் வாங்கிப் போட்டு இரண்டு குரூப் சுடுங்கள். அதோடு கோளாறு போய்விட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. காற்றுக் கொடி வைக்காமல் சுட்டு, பக்கவாட்டில் சிதறுகிறது என்று ஸ்டாக்கின் மேல் பழி போடாதீர்கள். குழல் தேய்ந்திருந்தாலும் எந்த ஸ்டாக்காலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அறிகுறி: துப்பாக்கியை முன்னும் பின்னும் நகர்த்தினால் குறுக்குக்கோடு பக்கவாட்டில் அலைகிறது

இந்தச் சோதனைக்கு ஒரு குண்டுகூட வேண்டாம். 100 கெஜத்தில் கட்டம் போட்ட தாள் ஒன்றை மாட்டுங்கள். துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, குறுக்குக்கோட்டை ஒரு செங்குத்துக் கோட்டின் மேல் நிறுத்துங்கள். பின்கட்டையின் நுனியில் இரண்டு விரலை மட்டும் வைத்து, துப்பாக்கியை மெதுவாக இரண்டு அங்குலம் பின்னால் இழுங்கள். கண் ஸ்கோப்பிலேயே இருக்கட்டும். குறுக்குக்கோடு அந்தச் செங்குத்துக் கோட்டை விட்டு விலகாமல் இருந்தால் தடம் நன்றாக இருக்கிறது. இடமோ வலமோ ஓடினால் மூன்றில் ஒரு இடத்தில் கோளாறு.

முதல் சந்தேகம் பைகளின் மேல். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல, முன் பையின் நடுவிலிருந்து பின் பையின் காதுகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த நூல் நேராக இலக்கை நோக்கி இருக்கிறதா? நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும். பின் பை கால் அங்குலம் திரும்பி உட்கார்ந்திருக்கும். அதை நேராக்கியதும் குறுக்குக்கோடு ரயில் தண்டவாளத்தில் போவதுபோல் போகும்.

இரண்டாவது சந்தேகம் முன்கட்டை. வெர்னியர் வைத்து அதன் அகலத்தை மூன்று இடங்களில் அளங்கள்: நுனியில், நடுவில், ஆக்‌ஷனுக்குப் பக்கத்தில். வேட்டைத் துப்பாக்கி ஸ்டாக்கில் முன்கட்டை நுனிப்பக்கம் ஒடுங்கிக்கொண்டே போகும். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஒடுங்கிய பகுதி பைக்குள் வருவதால் பிடி தளரும். திரும்ப முன்னால் தள்ளும்போது ஆப்பு அடித்ததுபோல் இறுகும். எங்கே நிற்கும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லமுடியாது. பெஞ்ச்ரெஸ்ட் ஸ்டாக்கின் முன்கட்டைக்கு இரண்டு பக்கமும் இணையாக, அடிப்பாகம் தட்டையாக இருப்பது இதனால்தான். வார்மின்ட் என்ற, துப்பாக்கிக்கு எடை வரம்பு உள்ள வகைப் போட்டிகளில் அதிகபட்ச அகலம் 3 அங்குலம். அடி தட்டையாகவோ வெளிப்பக்கம் வளைந்தோ இருக்கலாம், உட்குழிவு கூடாது.

ஒடுங்கும் முன்கட்டைக்குக் கைவைத்தியம் உண்டு. வார் மாட்டும் குமிழின் துளையைப் பயன்படுத்தித் திருகும் மூன்று அங்குலத் தட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. பழகும் நாட்களில் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போகும்போது உங்கள் வகையின் விதி அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தட்டும் எடையில் சேரும்.

மூன்றாவது சந்தேகம் ஸ்டாக்கே கோணலாக இருப்பது. துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, முன்கட்டை அடியின் நடுவிலிருந்து பின்கட்டை அடியின் நடுவுக்கு நூல் பிடியுங்கள். விசைக்காப்பும் ஆக்‌ஷன் திருகுகளும் அந்த நூலுக்கு நேர் கீழே வரவேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கினால் ஆக்‌ஷனை உள்ளே கோணலாகப் பொருத்தியிருக்கிறார்கள், அல்லது பின்கட்டையே வளைந்திருக்கிறது. முதலாவது என்றால் பெட்டிங்கை, அதாவது ஆக்‌ஷன் அசையாமல் உட்கார ஸ்டாக்குக்குள் எபாக்ஸிப் பசையில் எடுத்த அச்சுப் படுக்கையை, பெயர்த்து மறுபடி போடலாம். இரண்டாவது என்றால் ஸ்டாக்கை மாற்றுங்கள். அதைத் திருத்த ஆகும் நேரத்துக்கு அது தகுதியில்லை.

அறிகுறி: பின்னால் இழுத்தால் குறுக்குக்கோடு மேலே ஏறுகிறது

பக்கவாட்டு ஓட்டத்தைவிட இது நுட்பமானது. காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: பின்கட்டையின் அடிச்சரிவு.

வேட்டைத் துப்பாக்கியின் பின்கட்டை, கைப்பிடியிலிருந்து தோள் பக்கம் போகப்போகக் கீழே சரியும். துப்பாக்கி பின்னால் போகும்போது பையின் மேல் இருக்கும் இடம் கைப்பிடி பக்கமாக நகர்கிறது. அங்கே அடிப்பாகம் உயரத்தில் இருக்கிறது. அதனால் பின்பக்கம் இறங்குகிறது, குழலின் வாய் ஏறுகிறது.

எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். சரிவு 5 டிகிரி, இரண்டு பைகளுக்கும் நடுவே 20 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி ஒரு அங்குலம் பின்னால் போனால் பின்பக்கம் 0.087 அங்குலம் இறங்கும். 100 கெஜத்தில் குறுக்குக்கோடு ஏறுவது ஏறக்குறைய 16 அங்குலம்! குண்டு குழலை விட்டுப் போவதற்குள் துப்பாக்கி ஒரு அங்குலமெல்லாம் நகராது என்பது உண்மைதான். 68 கிரெயின் (4.4 கிராம்) குண்டு போடும் 10.5 பவுண்டு துப்பாக்கிக்கு, 22 அங்குலக் குழலில், அது சுமார் 0.025 அங்குலம். ஆனால் அந்தச் சின்ன நகர்வுக்கே தாளில் 0.4 அங்குலம் ஏற்றம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அதே அளவு ஏறினால் பரவாயில்லை, எல்லாம் சேர்ந்தே ஏறும். பை ஒரு தடவை இறுக்கமாகவும் ஒரு தடவை தளர்வாகவும் பிடித்தால், தோள் ஒரு தடவை பட்டும் ஒரு தடவை படாமலும் இருந்தால், அந்த 0.4இல் ஒரு பங்கு குரூப்பின் உயரமாக வந்து நிற்கும். 0.2 அங்குலச் சராசரிக்கு ஆசைப்படுபவருக்கு இது பெரிய பள்ளம்.

தீர்வு: பின்கட்டையின் அடி, குழலின் கோட்டுக்கு முடிந்தவரை இணையாக இருக்கும் ஸ்டாக். எவ்வளவு இணையாக இருக்கலாம் என்பதற்குச் சில போட்டி வகைகளில் கட்டுப்பாடு உண்டு; வாங்கும் முன் உங்கள் வகையின் விதிப்புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். நீள்தூரப் போட்டிகளில் ஷிஹேன் டிராக்கர் என்ற அடுக்குமர ஸ்டாக்கை இத்தனை பேர் வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். அகல முன்கட்டை, தாழ்ந்த உடம்பு, நேரான பின்கட்டை. பெயரிலேயே தடம் இருக்கிறது.

புதிது வாங்க மனமில்லை என்றால், பின்கட்டையின் அடியில் திருகும் பை-ரைடர் என்ற துண்டு கிடைக்கிறது. அலுமினியத்திலும் வரும், பிளாஸ்டிக்கிலும் வரும். அதைக் குழலுக்கு இணையாகப் பொருத்தி, மேலே சொன்ன இழுவைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் சுட்டேன்; குறை ஒன்றும் இல்லை.

அறிகுறி: ஒரே தாளில் இரண்டு குரூப்

மூன்று குண்டு ஒரு துளையில். மீதி இரண்டு அரை அங்குலம் தள்ளி இன்னொரு துளையில். அடுத்த தாளிலும் அதேபோல. இதைப் பார்த்தால் எனக்குப் பெரும்பாலும் சந்தேகமே வராது: ஆக்‌ஷன் ஸ்டாக்கில் இரண்டு விதமாக உட்காருகிறது. ஒவ்வொரு உதைக்கும் அது அசைந்து, இரண்டு இடங்களில் ஏதோ ஒன்றில் போய் நிற்கிறது. பெட்டிங் கோளாறு.

இதை உறுதிப்படுத்தும் சோதனையை நிதானமாகச் சொல்கிறேன். எல்லாச் சோதனைகளிலும் எனக்குப் பிடித்தது இது. சந்தேகத்துக்கு இடமே வைக்காது.

காந்த அடி உள்ள டயல் கேஜ் ஒன்று வேண்டும். கோயம்புத்தூர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அதே கேஜ்தான். துப்பாக்கியை நிமிர்த்தி, பின்கட்டை தரையில் நிற்க, குழல் மேலே பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள். காந்த அடியைக் குழலில் ஒட்டுங்கள். கேஜின் முனையை முன்கட்டையின் நுனியில் தொடவைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். இரண்டு ஆக்‌ஷன் திருகுகளும் இறுக்கமாக இருக்கின்றன. இப்போது முன்திருகை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். கண் முள்ளின் மேல் இருக்கட்டும். முள் அசையவே இல்லை, அல்லது 0.001 அங்குலம் நடுங்கி நின்றது என்றால் பெட்டிங் அருமை. 0.002 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால், திருகை இறுக்கும்போதெல்லாம் ஆக்‌ஷன் வில்லாக வளைகிறது என்று பொருள். முன்திருகை மறுபடி இறுக்கி, பின்திருகைத் தளர்த்தியும் பாருங்கள்.

என்னிடம் இருந்த ஒரு ஸ்டாக்கில் அலுமினியக் கட்டி உள்ளே வைத்துத்தான் வந்தது. பெட்டிங்கே தேவையில்லை, அப்படியே திருகிச் சுடலாம் என்று விளம்பரம். ஒரு கோடை முழுக்க இரட்டைக் குரூப்போடு மல்லுக்கட்டினேன். வெடிமருந்து அளவை மாற்றினேன், குண்டு மாற்றினேன், ஸ்கோப் மாற்றினேன். கடைசியில் கேஜை வைத்துத் திருகைத் தளர்த்தியபோது முள் 0.007க்குப் போய் நின்றது. கட்டியின் பின் ஓரத்தில் கடைசல் பிசிறு ஒன்று, நகத்தால் தடவினால் மட்டுமே தெரியும் அளவுக்கு. ஆக்‌ஷன் அதன் மேல் ஏறி, சீசா பலகைபோல் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எந்த ஸ்டாக் கைக்கு வந்தாலும் சுடுவதற்கு முன் இந்தச் சோதனைதான்.

சரி, கோளாறு உறுதி. மறுபடி பெட்டிங் போட வேண்டும். திருகுத் துளைகளில் அலுமினியத் தூண்கள் வைத்து, ஆக்‌ஷனைச் சுற்றி எபாக்ஸி ஊற்றும் முறைதான் இன்று வழக்கம். மரைன்-டெக்ஸ், டெவ்கான் இரண்டும் பலர் நம்பும் எபாக்ஸிகள். இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

எபாக்ஸி இறுகும்வரை ஆக்‌ஷன் எந்த அழுத்தமும் இல்லாமல் தன் எடையில் படுத்திருக்க வேண்டும். திருகை முறுக்கி இறுக்கி வைத்துக் காயவிட்டால், அந்த வளைவோடு அச்சு எடுத்ததாகிவிடும். திருகுகளை வழிகாட்ட மட்டும் போட்டு, குழலின் அடியில் டேப் சுற்றி நடுவில் நிறுத்துங்கள்.

உதைதாங்கிக்கு, அதாவது ஆக்‌ஷனின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பல்லுக்கு, பின்முகம் மட்டுமே ஸ்டாக்கைத் தொடவேண்டும். முன்முகத்திலும் இரண்டு பக்கங்களிலும் அடியிலும் டேப் ஒட்டிவிட்டு ஊற்றுங்கள். டேப்பை உரித்தபின் அங்கெல்லாம் இடைவெளி கிடைக்கும். அடியில் இடைவெளி இல்லாவிட்டால் பல் தரைதட்டி, ஆக்‌ஷன் அதன் மேல் ஆடும். இதை மறந்து இரண்டாம் முறை பெட்டிங் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, எபாக்ஸி ஒட்டாமல் இருக்கப் பூசும் மெழுகு. திருகு மரைகள், போல்ட் ஓடும் வழி, விசையின் துளைகள், ஒன்றைக்கூட விடாதீர்கள். விட்ட இடத்தில் ஆக்‌ஷன் ஸ்டாக்கோடு ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும் பாடு. வேண்டுமென்றே ஒட்டுபவர்களும் உண்டு. 10.5 பவுண்டுத் துப்பாக்கிகளில் ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு நிரந்தரமாகப் பசை போட்டு ஒட்டுவது நெடுநாள் வழக்கம். அதில் திருகு அசையுமா என்ற கவலையே இல்லை. ஆனால் முதல் துப்பாக்கிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஸ்டாக்கை மாற்ற வேண்டி வந்தால் சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும்.

பெட்டிங் நன்றாக இருந்தும் இரட்டைக் குரூப் வந்தால் திருகுகளைப் பாருங்கள். திருகின் உடம்பு தூணின் உட்சுவரை உரசக் கூடாது. முன்திருகு நீளமாக இருந்து போல்ட்டின் பற்களை முட்டுகிறதா என்று, போல்ட்டை மாட்டி மூடித்திறந்து பாருங்கள். தோட்டாப்பெட்டி உள்ள துப்பாக்கி என்றால், ஆக்‌ஷனுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே அந்தப் பெட்டி நசுங்காமல் லேசாக ஆடவேண்டும். உலோகத் தூண் உள்ள ஸ்டாக்குக்கு 40 முதல் 65 இஞ்ச்-பவுண்டு வரை இறுக்குவார்கள். ஆக்‌ஷன் செய்தவர் சொல்லும் எண் இருந்தால் அதுவே சட்டம். தூண் இல்லாத மரத்தில் அவ்வளவு இறுக்கினால் மரம் நசுங்கும். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பதத்துக்கு இறுக்காதீர்கள். இன்றைய கைக்கும் நாளைய கைக்கும் பதம் வேறு.

அறிகுறி: போன வாரம் நன்றாக இருந்தது, மழைக்குப் பிறகு இடம் மாறிவிட்டது

இது மரத்தின் குணம். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்ளுமே, அதேதான் வால்நட் ஸ்டாக்கிலும் நடக்கிறது. ஈரம் குடித்து மரம் ஊதும். முன்கட்டை ஒரு பக்கமாகத் திரும்பிக் குழலைத் தொடும். ஒரு ரூபாய் நோட்டோ டாலர் நோட்டோ எடுத்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விட்டு, ஆக்‌ஷன்வரை இழுத்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே தொடுகிறது. கனமான குழலுக்குச் சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டராவது இடைவெளி வையுங்கள். குச்சியில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் அரைமணி நேர வேலை.

தேய்த்துவிட்டு அப்படியே விடாதீர்கள். தேய்த்த இடம் பூச்சில்லாத மரம், இன்னும் வேகமாக ஈரம் குடிக்கும். மெல்லிய எபாக்ஸி பூசி மூடுங்கள். பின்கட்டையின் முனையில் இருக்கும் ரப்பர் தட்டைக் கழற்றி, அதற்குக் கீழே இருக்கும் மரத்தின் வெட்டுமுகத்துக்கும் பூசுங்கள். மரம் அதிகம் ஈரம் குடிப்பது வெட்டுமுகத்தில்தான். அந்த இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பும் ஸ்டாக்குகள் ஏராளம்.

இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் செட் பிரவுன், லீ சிக்ஸ், கேல் மெக்மில்லன் போன்றவர்கள் கண்ணாடியிழை ஸ்டாக்கைப் பெஞ்ச்ரெஸ்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஈரத்துக்கு அசையாது, எடையும் குறைவு. மிச்சமான எடையைக் குழலில் போட்டார்கள். அப்புறம் கார்பன் இழை வந்தது, பால்சா மரத்தை நடுவில் வைத்துக் கார்பன் போர்த்தும் முறையும் வந்தது. மரமே வேண்டும் என்று மனம் கேட்டால் அடுக்குமரம் எடுங்கள். மெல்லிய தகடுகளைப் பசை போட்டு அழுத்தியது என்பதால் ஒற்றை மரத்தைவிட நிலையாக இருக்கும். எடை மட்டும் கூடுதல். 22 பவுண்டு வரை அனுமதி உள்ள எஃப்-ஓபன் போன்ற நீள்தூரப் போட்டி வகைகளில் அது நல்லதுக்குத்தான்.

அறிகுறி: மேலும் கீழுமாக நீளும் குரூப்

மேலே சொன்ன அடிச்சரிவு ஒரு காரணம். அது இல்லையென்றால் கன்னம். ஸ்டாக்கின் மேல்விளிம்பு உயரமாக இருந்தால், பார்க்கக் குனியும்போது கன்னத்தின் எடை அதில் இறங்கும். கன்னத்தைத் தூக்கி, துப்பாக்கியைத் தொடாமல் விசையை மட்டும் அழுத்தி ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். 6 பிபிசி போன்ற உதை குறைந்த தோட்டாக்களுக்கு இப்படிச் சுடலாம். .308க்கும் அதற்கு மேலும் வேண்டாம், ஸ்கோப் புருவத்தைக் கிழித்துவிடும். உயரம் குறைந்துவிட்டதா? அப்படியானால் மேல்விளிம்பு தாழ்ந்த ஸ்டாக் உங்களுக்கு வேண்டும், அல்லது ஸ்கோப்பைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும்.

இன்னொரு காரணம் மெத்தென்ற முன்கட்டை. கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வைத்துக் குழலையும் முன்கட்டை நுனியையும் சேர்த்து அழுத்துங்கள். முன்கட்டை வளைந்து குழலைத் தொட்டால் அந்த ஸ்டாக் பெஞ்ச்ரெஸ்டுக்கு ஆகாது. தொழிற்சாலைத் துப்பாக்கியோடு வரும் வார்ப்புப் பிளாஸ்டிக் ஸ்டாக்குகள் பலவும் இப்படித்தான். உள்ளே கம்பி வைத்து எபாக்ஸி நிரப்புபவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன், ஓரளவுக்கு உதவும். ஆனால் பிளாஸ்டிக்கில் எபாக்ஸி நன்றாகப் பிடிக்காது, ஒரு நாள் உரிந்துவரும். இந்த அறிகுறிக்கு நான் தயங்காமல் புது ஸ்டாக்கைத்தான் சொல்வேன்.

முன்கட்டையின் எந்த இடம் பையில் இருக்கிறது என்பதும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். தாங்கியில் தடுப்பு இருந்தால் அதைத் தொட்டு நிறுத்துங்கள். இல்லையென்றால் முன்கட்டையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சுட்டதும் துப்பாக்கி இடப்பக்கம் சாய்கிறது அல்லது துள்ளுகிறது

குழலின் மரை குண்டை வலப்பக்கமாகச் சுழற்றினால் துப்பாக்கி இடப்பக்கம் புரளப் பார்க்கும். முன்கட்டை அகலமாகவும் குழல் பைக்குப் பக்கத்தில் தாழ்ந்தும் இருந்தால் புரட்டு அடங்கும். ஒடுங்கிய முன்கட்டை, உயர்ந்த வளையங்களில் கனமான ஸ்கோப் என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் ஸ்கோப்பைத் தாழ்த்துங்கள். தாங்கியின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தாங்கி சாய்ந்திருந்தால் நல்ல ஸ்டாக்கும் புரளும்.

முன்பக்கம் துள்ளினால் எடை பின்னால் தேங்கியிருக்கிறது. பின்கட்டைக்குள் யாராவது ஈயம் வைத்திருக்கிறார்களா என்று ரப்பர் தட்டைக் கழற்றிப் பாருங்கள். பழைய துப்பாக்கி வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது: முன்பு இருந்த கனமான குழலுக்குச் சமன் செய்ய வைத்த ஈயம் அப்படியே கிடக்கும்.

அறிகுறி: பையில் கரகரவென்று ஒட்டி ஒட்டி நகர்கிறது

பை, தோல், பூச்சு. ஸ்டாக்கைக் குறை சொல்லாதீர்கள். தோல் காதுகளில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள், ஸ்டாக்கின் அடியில் மெழுகு தேய்த்துத் துணியால் துடையுங்கள், அல்லது வழுக்கும் டேப் ஒட்டுங்கள். முன் பையின் பக்கவாட்டுப் பிடி, இரண்டு விரலால் நகர்த்த முடிகிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும். பின் பையின் அடியை மணல் போட்டுக் கல் மாதிரி இறுக்கி நிரப்புங்கள், காதுகளைக் கொஞ்சம் இளக்கமாக விடுங்கள்.

அறிகுறி: தராசில் ஏற்றினால் எடை மீறுகிறது

இலேசு வார்மின்ட் வகைக்கு 10.5 பவுண்டு, கன வார்மின்ட் வகைக்கு 13.5 பவுண்டு, ஸ்கோப்போடு சேர்த்து. என் 6 பிபிசியில் ஆக்‌ஷன் ஏறக்குறைய 2 பவுண்டு, குழல் 5, ஸ்கோப்பும் வளையங்களும் 1.6. மிச்சம் ஸ்டாக்குக்கு 2 பவுண்டுக்கும் குறைவு. இதில் 3 பவுண்டு அடுக்குமர ஸ்டாக்கை ஆசையாக வாங்கிவந்தால் குழலை அறுக்க வேண்டிவரும். குழல் குறைந்தால் சமநிலை பின்னால் போகும், மேலே சொன்ன துள்ளல் ஆரம்பிக்கும். ஆகவே ஸ்டாக் வாங்கும் முன், ஸ்டாக் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, தபால் தராசில் எடை பாருங்கள். வரம்பிலிருந்து அதைக் கழித்து, பெட்டிங்குக்கும் பெயின்டுக்கும் 4 அவுன்ஸ் ஒதுக்குங்கள். வருகிற எண்தான் உங்கள் ஸ்டாக்கின் எடை. அந்த எண் 30 அவுன்ஸுக்குக் கீழே என்றால் கண்ணாடியிழையும் கார்பனும் மட்டுமே வழி. 3 பவுண்டுக்கு மேல் என்றால் அடுக்குமரம் தாராளமாகப் போதும், பணமும் மிஞ்சும்.

ஆர்டர் கொடுக்கும்போது

மேலே உள்ள சோதனைகளைச் செய்து முடித்து, புது ஸ்டாக்தான் வேண்டும் என்று முடிவானால், செய்பவரிடம் இவற்றைச் சொல்லுங்கள்: ஆக்‌ஷனின் பெயரும் மாதிரியும், போல்ட் எந்தப் பக்கம், தோட்டா போடும் வாய் எந்தப் பக்கம், குழலின் தடிமன் ஆக்‌ஷனை ஒட்டிய இடத்தில் எவ்வளவு, முன்கட்டை முடியும் இடத்தில் எவ்வளவு, விசையின் பெயர், எந்தப் போட்டி வகை, நீங்கள் தராசில் கண்ட அந்த எண். தூண் வைத்துத் தருவாரா, வெறும் பள்ளம் மட்டுமா என்று கேளுங்கள். உங்கள் முன் பையின் அகலம் பழைய இரண்டேகால் அங்குல முன்கட்டைக்கானது என்றால், 3 அங்குலப் பை ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். பலர் இதை ஸ்டாக் வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைக்கிறார்கள்.

வந்த அன்று வெர்னியரை எடுத்து முன்கட்டையை மூன்று இடத்தில் அளங்கள், அடியில் நூல் பிடியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பெட்டிங்குக்குக் கொடுங்கள். எபாக்ஸி ஊற்றிவிட்டால் எந்தக் கடையும் திருப்பி எடுத்துக்கொள்ளாது. டெக்சாஸ் தம்பி இப்போது நூல் பிடிக்கும் கட்டத்தில் இருக்கிறான். பின் பைதான் திரும்பியிருந்தது என்று நேற்று இரவு செய்தி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை சுட்டுப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தாள்களைப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.